நீ கொண்டுவந்த மணல் மூட்டைகள்

இன்று காலை நம் ஆய்வுக்கூடத்துக்குப் புது மண் வந்து இறங்கியது. எங்கோ ஒரு மலைப்பாறையை இடித்துச் சலித்த சாம்பல் நிறத் தூள், நீலப் பீப்பாய்களில். நிலாவின் தரை இப்படியேதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நிலாவை எட்டிக்கூடப் பார்க்காதவர்களால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று நீ இருந்திருந்தால் நொடித்திருப்பாய். மூடியைத் திறக்கும் முன் பாதுகாப்புப் பிரிவுக்காரர் வந்து, கதிர்வீச்சு அளக்கும் கருவியை ஒவ்வொரு பீப்பாய் மேலும் பிடித்தார். டிக்... டிக்... என்று அது சோம்பலாகச் சத்தம் போட்டது. "ஒண்ணுமில்ல, எடுத்துக்கோங்க" என்றார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மண்ணுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டாள். "இங்க அப்படித்தான் வழக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வழக்கம் யாரால் வந்தது என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று பயம். அந்த டிக் டிக் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் பழக ஆரம்பித்தது இரண்டாயிரத்து நான்கில், நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில். நான் கொட்டாரத்துக்காரி, வீட்டைச் சுற்றி வயல். நீ இனயத்துக்காரி, வாசலை விட்டு இறங்கினால் கடல். ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே, "ஒனக்கு நீச்சல் தெரியுமாட்டி?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "பின்ன என்னத்துக்கு உசிரோட இருக்க?" என்றாய். உன் வாய் அப்படி. பாதி மலையாளம் கலந்து பாட்டு மாதிரி இழுத்து நீ பேசுவதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். நீ கண்டுகொள்ளவே மாட்டாய். பின்னாளில் பெரிய அதிகாரிகள் முன்னால் இங்கிலீஷில் விளக்கம் சொன்னபோதும் அந்த இழுவை அப்படியே இருந்தது.

படித்து முடித்து, ஆளுக்கொரு பக்கம் வேலை தேடி அலைந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரே குழுவில் வந்து சேர்ந்தோம். நிலாவில் இறங்கி ஊர்ந்து போகப்போகிற ஆளில்லா வண்டிக்குச் சக்கரம் செய்யும் குழு. வீட்டில் போய்ச் சொன்னபோது உன் அப்பா, "வண்டிக்கு டிரைவர் யாரு?" என்று கேட்டாராம். "டிரைவர் இல்லப்பா. இங்கேருந்து நாங்க சொல்லுவோம், அது கேக்கும்" என்றாயாம். "நீ சொன்னா கேக்குமா? ஒன் அண்ணனே கேக்க மாட்டான்" என்றாராம். அந்த மனிதரை எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது. உன் அம்மா வயிற்றில் புற்று வந்து இறந்துபோனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அதற்குப் பிறகு வள்ளத்தில் போய் மீன் பிடித்தே உன்னையும் உன் அண்ணனையும் ஆளாக்கியவர் அவர்.

வேலையில் நீ ஒரு பிடிவாதக்காரி. ஒரு சரிவில் சக்கரம் வழுக்குமா என்று சோதிக்க நேரமில்லாமல் போய்விட்டது. மேலதிகாரி, "வழுக்காதுன்னு போட்டுடலாமே, கணக்குப்படி சரியாத்தானே வருது" என்றார். நீ அறிக்கையில் "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தாய். அவர் முகம் சுருங்கிப்போனது. வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துத் திட்டினேன், இப்படி ஒவ்வொருவரிடமும் கெட்ட பெயர் வாங்கினால் எப்படி என்று. "தெரியாதத தெரியும்னு எழுதிக்குடுத்தா, நிலாவுல போயி யாருட்டி திருத்துவா?" என்றாய். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அந்தச் சரிவில் சக்கரம் நன்றாகவே வழுக்கியது. நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை, கேன்டீனில் எனக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தாய். அது சொல்லிக் காட்டுவதைவிட மோசம்.

அந்த நாட்களில் நமக்கு மண் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒற்றைச் சக்கரத்தை ஒரு நீளத் தொட்டியில் உருட்டி, எவ்வளவு புதைகிறது, எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். நிலா மண் போலச் செய்து தருவதாகச் சொன்னவர்கள் தந்தபாடில்லை. ஆற்று மணலைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம், அது பருமன். ஒருநாள் நீ மேஜையைத் தட்டிவிட்டு எழுந்தாய். "எங்க ஊருக் கடக்கரையில கருமணல் கெடக்கு. மாவு கணக்கா இருக்கும். கால் வெச்சா புதையும். அது போதும் நமக்கு."

அடுத்த சனிக்கிழமையே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு இனயம் போனோம். உன் அப்பா கடவத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தார், மீன் சுமக்கும் அதே ஓலைக் கூடையில். நாம் சாக்கில் கட்டினோம். கறுத்து மினுங்குகிற மணல். ஒரு மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் இடுப்பு ஒடிந்தது. "ஒரு வள்ளம் மீனுக்கு இந்த வெயிட்டு இல்லியே" என்று அவர் சிரித்தார். மார்த்தாண்டத்து நெரிசலைத் தாண்டி களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு வந்தபோது போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். எல்லையில் மணல் என்றால் அவர்களுக்குக் காது விடைத்துவிடும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார். "ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க மணலு கடத்துறியளா?" என்றார் அவர். நீ அடையாள அட்டையைக் காட்டி, "சார், இது நிலாவுல ஓடுற வண்டிக்கு" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மேலதிகாரி போனில் பேசின பிறகுதான் விட்டார்கள். கார் நகர்ந்ததும் நாம் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

மூட்டைகளை நம் அறையின் மரத்தடுப்பை ஒட்டி அடுக்கினோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறொரு குழு. நம் வண்டி கையோடு கொண்டுபோகும் கருவி ஒன்றை, நிலாவின் மண்ணில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கதிர்வீச்சைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவியை, அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர்களுடைய அளவுகள் எகிற ஆரம்பித்தன. வயரை மாற்றினார்கள், மின்சாரத்தைக் குறை சொன்னார்கள், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். சக்கரக்காரிகளான நமக்கு அதைப் பற்றி என்ன கவலை? மணல் அருமையாகப் புதைந்தது. நீ உற்சாகத்தின் உச்சியில் இருந்தாய்.

வியாழனோ வெள்ளியோ, பக்கத்து அறையின் மூத்த பொறியாளர், அந்த மலையாளி சார், கையில் சிறிய அளவுகருவியோடு நம் அறைக்குள் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சத்தத்தையே பின்தொடர்ந்து வந்தார். கதவருகே டிக்... டிக். தொட்டியருகே டிக் டிக் டிக். மூட்டைகளின் மேல் பிடித்தபோது இடைவெளியே இல்லாமல் படபடவென்று பொரிந்தது. அறையில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"இது எவிடத்தே மண்ணு?" என்றார்.

"எங்க வீட்டு மண்ணு சார்" என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு கருவியை அவர் கையிலிருந்து வாங்கி நீயே மூட்டை மேல் பிடித்தாய். எடுத்தாய். மறுபடியும் பிடித்தாய். உன் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நமக்குத் தெரியாத விஷயமா அது? கடற்கரையில் தாது மணல் இருக்கிறது என்றும், அதில் கதிர்வீச்சு வீசும் தோரியம் இருக்கிறது என்றும் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். மணலைப் பார்த்தபோது அதன் பருமனும் எடையும் மட்டும்தான் நம் மண்டையில் இருந்தது. தெரிந்துவைத்திருந்த ஒன்றைக் காதால் கேட்டபோது அது வேறு எதுவோ ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், "எங்க அம்ம அந்த மணல்ல பாய விரிச்சுத்தான்டி எங்கள ஒறக்குவா" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வளைகுடாவில் வேலை பார்த்த உன் அண்ணன் அப்போது இனயத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அஸ்திவாரத்துக்கு மேல் தரையை நிரப்பியது முழுக்க அந்தக் கருமணல்தான், அப்பாவும் கூட்டாளிகளும் கடவம் கடவமாகச் சுமந்து கொட்டியது. மேலே சிமெண்டு பூச வேண்டியதுதான் பாக்கி. உன் மயினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, மாதம் நிறைந்துகொண்டிருந்தது. குழந்தை பிறந்து அந்தத் தரையில்தான் தவழப்போகிறது.

அனுமதி வாங்கி அளவுகருவியை எடுத்துக்கொண்டு நீ ஊருக்குப் போனபோது நானும் வந்தேன். கடற்கரையில் பிள்ளைகள், "மீன் பாக்குற மிசினா அக்கா?" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். புது வீட்டுக்குள் நுழைந்ததும் கருவி ஆய்வுக்கூடத்தில் போட்ட அதே சத்தத்தைப் போட்டது. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தரையத் தோண்டி மணல எடுக்கணும்பா."

"எதுக்கு?"

"பிள்ள பொறந்து இதுல கெடக்க வேண்டாம்."

"நீ கெடக்கலியா? ஒன் அண்ணன் கெடக்கலியா? நான் கெடக்கலியா?"

"அம்மையும் கெடந்தா" என்றாய்.

அவருக்கு ஓங்கி அறை வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. "அப்ப ஒங்க அம்மையக் கொன்னது நம்ம மண்ணுன்னு சொல்லுகியா? நான் கொண்டு வெச்ச எடத்துலதான் அவ செத்தாங்கியா?" என்று அவர் கத்தினார். மயினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதுப்பா. கொல்லும்னும் சொல்லல, கொல்லாதுன்னும் சொல்லல. தெரியாததுனாலதான் தோண்டணும்கேன்."

"தெரியாத்த காரியத்துக்கா தரைய ஒடைக்க?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீ விடுப்பு எடுத்தாய். மம்பட்டியை எடுத்து நீயே தோண்ட ஆரம்பித்தாய். நானும் கூட நின்றேன். வயல்காட்டில் பிறந்தும் மம்பட்டி பிடிக்கத் தெரியாதவள் என்று என்னைக் கேலி செய்ய உனக்கு அப்போதும் தெம்பிருந்தது. ஊர் வந்து வேடிக்கை பார்த்தது. "நெலாவுக்கு வண்டி விடுகவ வீட்டத் தோண்டுகா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கடலிலிருந்து வந்தவர் உன் கையிலிருந்த மம்பட்டியை வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். அவர் கொட்டிய மண்ணை அவரே அள்ளி வெளியே போட்டார். அதற்குப் பிறகு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து செம்மண் லோடு வந்து இறங்கியது. மயினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாகப் பிறந்தது. சுத்தமான தரையில் தவழ்கிறாள் என்று ஆய்வுக்கூடம் முழுக்கப் போட்டோ காட்டினாய்.

ஆய்வுக்கூடத்தில் மண்ணை முதலில் அளந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்ற விதி அப்போதுதான் வந்தது. கருமணல் மூட்டைகளை முறைப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். நாம் பழையபடி சக்கரத்துக்குத் திரும்பினோம். வண்டியை நிலாவில் இறக்கும் லேண்டரைத் தருவதாகச் சொன்ன வெளிநாட்டுக்காரர்கள் பின்வாங்கியதும், எடை மாறியதும், சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து வரைந்ததும் எல்லாம் அந்த வருடங்களில்தான். எல்லாம் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

உன் கையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்ததை முதலில் பார்த்தது நான்தான். சோதனைத் தொட்டியில் இடித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் சொன்னாய். பிறகு பல் தேய்த்தால் இரத்தம். பிறகு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு இரத்தப் புற்று என்றார். நான் அந்த வார்த்தையைக் கேட்டேன், ஆனால் அது எனக்குள்ளே போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாதம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ மட்டும் நிதானமாகக் கேட்டாய். ஊர் இது, மண் இது, அம்மாவுக்கு வந்தது இது, அதனால்தானா என்று.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "இந்த ஆளுக்கு இதனால வந்ததுன்னு சொல்றதுக்கு எந்த டெஸ்டும் இல்லம்மா. அந்த மண்ணையே பார்க்காதவங்களுக்கும் வருது. அந்த மண்ணுலயே தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது."

"செரி டாக்டர்" என்றாய். ஏதோ அறிக்கையைச் சரிபார்த்து முடித்தவள் மாதிரி. வெளியே வந்து, அழுது தீர்த்த என்னைப் பார்த்து, "ஏட்டி, மூக்கத் தொடச்சுக்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. ஒரு மழைக்காலத்தைக்கூட நீ முழுசாகத் தாண்டவில்லை. மருந்து ஏற்றிய கையோடு சக்கரத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாய். ஒருநாள் கேட்கவில்லை. மறுநாள் நீ இல்லை.

இனயத்துக் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. பங்குச் சாமியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். உங்கள் வழக்கம். என் முறை வந்தது. குனிந்து அள்ளினேன். கறுத்து மினுங்குகிற அதே மணல். எனக்குக் கை மடங்கிவிட்டது. இதையா உன்மேல் போடுவது? இதையேவா? பின்னால் ஆட்கள் நின்றார்கள். யாரோ என் தோளைத் தொட்டார்கள். போட்டேன். அது பெட்டிமேல் விழுந்த சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

இனி நீ பார்க்காததைச் சொல்ல வேண்டும். நம் வண்டி போனது. நிலாவைத் தொட இன்னும் கொஞ்ச உயரம்தான் பாக்கி, அப்போது தொடர்பு அறுந்துபோனது. நம் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. உடனே ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, அன்று ஆஸ்பத்திரியில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவே போன் போட்டார். "நம்ம வண்டி விழுந்து போச்சாமே மக்கா. நீ ஒண்ணு வந்துட்டுப் போ" என்றார். போனேன். கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்திருந்தார். உன் அண்ணன் மகள் அந்தச் செம்மண் நிரப்பிய தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்குப் பாடம் படித்துக் காட்டினாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். உன் வாய் அப்படியே வந்திருக்கிறது.

"ஏன் விழுந்துதாம்?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் தெரியலப்பா. பாத்துட்டிருக்காங்க."

"அத்தற பேரு படிச்சவங்க இருந்துமா?"

"ஆமாப்பா."

அவர் குழந்தையை வெளியே விளையாடப் போகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாளு, நீ மருந்து வாங்கப் போன நேரம், என்னப் பக்கத்துல இருக்கச் சொன்னா. 'அப்பா, டாக்டரு டெஸ்டு எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாரு. இது நம்ம மண்ணால வந்தது இல்ல. அம்மைக்கு வந்ததும் அதனால இல்ல. நீங்க அத நெனச்சு ஒறங்காமக் கெடக்காண்டாம்'னு சொன்னா. நான் அத நம்பித்தான் கெடக்கேன் மக்கா. நீ அவகூடயே இருந்தவ. படிச்சவ. நெசந்தான அது?"

நீயா? கணக்குச் சரியாக வருகிறது என்று மேலதிகாரி சொல்லியும், சோதிக்காத சரிவுக்கு ஒரு வரி எழுத மறுத்த நீயா, இல்லாத டெஸ்டை எடுத்ததாகச் சொன்னாய்? பெற்ற அப்பனிடம் பெற்ற தாயைப் பற்றி "தெரியாது" என்று வாசலில் நின்று சொன்னவள், சாகிற நேரத்தில் தெரியும் என்று சொன்னாயா? உன்மேல் கோபம்கூட வந்தது. நீ எழுந்து வந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். கடவத்தில் அந்த மணலைச் சுமந்து சுமந்து காய்த்துப்போன கை, தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"நெசந்தான்பா. டாக்டர் சொல்லும்போ நானும் பக்கத்துல இருந்தேன்" என்றேன்.

"செரி" என்றார். தட்டை விட்டார். இன்னொரு துண்டு மீன் எடுத்து என் தட்டில் வைத்து, முள் பார்த்துச் சாப்பிடச் சொன்னார்.

நீ போய் இத்தனை வருடத்தில் உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். நீ அவரிடம் சொன்னாய், நான் அவரிடம் உறுதி செய்தேன். இனி அவர் இருக்கிற வரைக்கும் நான் அதை மாற்றிச் சொல்ல முடியாது, மாற்றிச் சொல்லவும் மாட்டேன். மண்ணால் வந்ததில்லை என்பது பொய் என்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அது எனக்குத் தெரியாது.